பி0171: செக் இன்ஜின் விளக்கோடு மூன்று வாரம்

ஆவணி பிறந்த வாரம். மடிப்பாக்கத்திலிருந்து அசோக் நகர் ஆபீசுக்குப் போகிற வழி. கத்திப்பாரா தாண்டி ஈக்காட்டுத்தாங்கல் சிக்னலில் நிற்கும்போது டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி 2014 மாடல், 1.5 லிட்டர் பெட்ரோல், 86,000 கிலோமீட்டர் ஓடியது. ஓட்டத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. சிக்னலில் நிற்கும்போது மட்டும் லேசான நடுக்கம், ஸ்டீயரிங்கில் கை வைத்திருந்தால்தான் தெரியும். அதை ரொம்ப நாளாக "வண்டிக்கு வயசாகுது" என்று நானே சமாதானம் சொல்லி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

விளக்கு அசையாமல் எரிந்தால் பதற வேண்டாம், இரண்டொரு நாளில் பார்த்துக்கொள்ளலாம். விட்டு விட்டு மின்னினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது, அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கிவிடும். அப்போது ஓரம் கட்டி நிறுத்துவதுதான் சரி. என்னுடையது அசையாத விளக்கு. சனிக்கிழமை வரை ஓட்டினேன்.

சனிக்கிழமை வழக்கமான மெக்கானிக் ஷெட். வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த குறைக் குறியீட்டை (கோட்) படிக்கும் ஸ்கேனர் போட 500 ரூபாய். பத்து நிமிஷத்தில் தீர்ப்பு வந்தது.

"ஆக்சிஜன் சென்சார் போயிருக்கு சார். ஒரிஜினல் போட்டா ஏழாயிரத்து ஐநூறு ஆவும், லேபர் தனி."

"என்ன கோட்ணா வருது?"

"லீன்னு வருது சார். லீன்னு வந்தா சென்சார்தான்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வாசலில் ஏழு வண்டி காத்துக்கொண்டிருந்தது, ஒரு வண்டிக்குப் பத்து நிமிஷம்தான் அவரால் தர முடியும். ஆனால் அந்த "லீன்" என்ற சொல் மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. லீன் என்றால் கலவையில் பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம் என்று பொருள். அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே ஆக்சிஜன் சென்சார்தான். சேதி கொண்டு வந்தவன் வாலிலேயே தீ வைக்கிற மாதிரி இல்லையா இது?

நாமே படித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது அங்கேதான்.

இதற்கு வேண்டிய சாக்கெட் வண்டியிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து கட்டாயமான ஓபிடி-2 என்ற, வண்டி தன் குறையைத் தானே கண்டு பதிந்து வைக்கும் ஏற்பாடு, நம் ஊரில் 2013 ஏப்ரலிலிருந்து கார்களுக்கு வந்தது. அதற்குப் பிறகு வாங்கிய கார் என்றால் ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில் 16 பின் சாக்கெட் ஒன்று இருக்கும். பார்க்க டி எழுத்தைச் சாய்த்து வைத்த மாதிரி. எங்கள் அபார்ட்மென்ட் ஸ்டில்ட் பார்க்கிங்கில், காலை சீட்டில் போட்டுத் தலையை பெடல் பக்கம் தொங்கவிட்டு டார்ச் அடித்துத் தேடினேன். "சார், மயக்கமா?" என்று வாட்ச்மேன் ஓடி வந்தார்.

அதில் செருகி, வண்டி சொல்வதைப் போனுக்கு அனுப்பும் டாங்கிளுக்கு, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. முதலில் 350 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன், நீல நிறத்தில் தீப்பெட்டி அளவு. "எல்லா வண்டிக்கும் ஒர்க் ஆவும் சார்" என்றார் கடைக்காரர். என் வண்டியைத் தவிர. ப்ளூடூத்தில் ஜோடி சேர்ந்தது, 1234 என்ற பின்னும் ஏற்றது. ஆனால் ஆப் திறந்தால் இசியுவோடு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) பேச்சுவார்த்தை முறிந்துவிடும். இரண்டாவது வாரம் போய் 600 ரூபாய்க்கு இன்னொன்று வாங்கினேன், அது சட்டென்று பிடித்துக்கொண்டது. இந்த டாங்கிள்களுக்கெல்லாம் மூலம் இஎல்எம்327 என்ற சிப். அதை உருவாக்கிய கனடா நிறுவனம் 2022-இல் கடையையே மூடிவிட்டது. நம் கைக்கு வருவதெல்லாம் நகல்தான். என் இரண்டாவது டாங்கிளின் பெட்டியில் பதிப்பு 1.5 என்று போட்டிருந்தது. அந்த நிறுவனம் 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. நகல்தான், ஆனால் வேலை செய்கிற நகல். ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: பழைய ப்ளூடூத் டாங்கிள் அதில் சேராது, வைஃபை அல்லது ப்ளூடூத் எல்இ வகைதான் வாங்க வேண்டும்.

இக்னிஷனை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், ஆப்பைத் திறந்தேன். ஒரே ஒரு கோட். பி0171.

இதைப் பிரித்துப் படிப்பது வண்டி நம்பரில் டிஎன் 22 பார்த்ததும் மீனம்பாக்கம் என்று சொல்கிற மாதிரிதான். முதல் எழுத்து பி என்றால் இன்ஜின், கியர் பக்கம். இது ஆங்கில P. பாடிக்கும் தமிழில் எழுதினால் பி-தான், ஆனால் அது ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்து, B. சேசிஸுக்கு சி, வண்டிக்குள் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் ஒயரிங்குக்கு யு. அடுத்த 0, எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோட் என்பதற்கு. அங்கே 1 இருந்தால் அந்தக் கம்பெனியின் சொந்தக் கோட், நெட்டில் பொதுவாகத் தேடினால் தப்பான பதில்தான் கிடைக்கும். மூன்றாவதாக வரும் 1, எரிபொருளும் காற்றும் சேர்கிற துறை. 3 என்றால் இக்னிஷன், மிஸ்ஃபயர். கடைசி 71, பேங்க் 1-இல் கலவை லீன். பேங்க் என்றால் சிலிண்டர் வரிசை; நாலு சிலிண்டரும் ஒரே வரிசையாக நிற்கும் இன்ஜினில் அது ஒன்றுதான், குழப்பமில்லை. ஆக, சென்சார் கெட்டது என்று இந்தக் கோட் எங்கேயும் சொல்லவில்லை. "கலவை லீனாக இருக்கிறது, என்னால் சமாளிக்க முடியவில்லை" என்பது இசியுவின் புகார். அவ்வளவுதான்.

அடுத்து நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. திரையில் "க்ளியர்" என்று ஒரு பட்டன் இருந்தது. அமுக்கினேன். விளக்கு அணைந்தது. 600 ரூபாயில் வண்டியைச் சரிசெய்துவிட்ட சந்தோஷத்தோடு மாடிக்குப் போய்த் தோசை சாப்பிட்டேன்.

ராத்திரி படித்தபோதுதான் தெரிந்தது என்ன தொலைந்தது என்று. கோட் பதிவாகிற அந்த நொடியில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்பதை இசியு ஒரு போட்டோ எடுத்த மாதிரி சேமித்து வைக்கிறது. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். வேகம், ஆர்பிஎம், கூலன்ட் சூடு, எரிபொருள் திருத்தம் எல்லாம் அதில் இருக்கும். கோட்-ஐ அழித்தால் அதுவும் சேர்ந்து அழியும். போலீஸ் வருவதற்குள் வீட்டைக் கூட்டிப் பெருக்கிக் கோலமும் போட்டுவிட்டேன்.

வேறு வழியில்லை, திருடன் திரும்பி வரட்டும் என்று காத்திருந்தேன். இந்த வகைக் கோட் ஒரே தடவையில் விளக்கைப் போடாது. முதல் ஓட்டத்தில் குறை தெரிந்தால் "பெண்டிங்" பட்டியலில் வைத்துக்கொள்ளும், அடுத்த ஓட்டத்திலும் தெரிந்தால்தான் விளக்கு. தினமும் ஆபீஸ் போய்வந்ததும் பெண்டிங் பக்கத்தைப் பார்த்தேன். மூன்றாம் நாள் மாலை பி0171 பெண்டிங்கில் தலைகாட்டியது. நாலாம் நாள் காலை அதே ஈக்காட்டுத்தாங்கல் சிக்னலில் விளக்கு. இவ்வளவு ஆசையாக அந்த விளக்கை எதிர்பார்த்தவன் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

இந்தத் தடவை முதலில் ஸ்கிரீன்ஷாட், பிறகுதான் மற்றதெல்லாம். ஃப்ரீஸ் ஃப்ரேம் சொன்னது: வேகம் 0, ஆர்பிஎம் 742, கூலன்ட் 91 டிகிரி, ஷார்ட் டெர்ம் ட்ரிம் +4.7, லாங் டெர்ம் ட்ரிம் +21.9.

இந்த ட்ரிம் எண்கள்தான் மொத்தக் கதையும். உள்ளே வருகிற காற்றை ஏர்ஃப்ளோ சென்சார் அளந்து சொல்ல, அதற்கு ஏற்ற பெட்ரோலை இசியு கணக்குப் போட்டு ஊற்றுகிறது. எரிந்து வெளியே வரும் புகையை ஆக்சிஜன் சென்சார் முகர்ந்து பார்த்து "போதும், போதாது" என்கிறது. அதைக் கேட்டு உடனுக்குடன் செய்கிற திருத்தம் ஷார்ட் டெர்ம். அதே திருத்தம் நாள் கணக்கில் தேவைப்பட்டால் பழக்கமாக்கிக்கொள்வது லாங் டெர்ம். இரண்டையும் கூட்டினால் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். என் வண்டியில் 26.6. கணக்குப்படி 100 சொட்டு போதும் என்ற இடத்தில் 126 சொட்டுக்கு மேல் ஊற்றினால்தான் சமாளிக்க முடிகிறது. மைலேஜ் ஏன் குறைந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது என்று எழுதத் தோன்றுகிறது, ஆனால் மைலேஜ் குறையவே இல்லை. கணக்கில் வராத காற்றுக்கு ஏற்ற பெட்ரோலைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தது, அதுவும் நிற்கும்போது மட்டும்.

எதிர் ஃப்ளாட் அங்கிள் இதைக் கேட்டதும், "எல்லாம் எத்தனால் பெட்ரோல்தான் தம்பி" என்றார். எத்தனால் கலந்தால் ட்ரிம் பிளஸ் பக்கம் கொஞ்சம் சாய்வது உண்மை. ஆனால் 26 சாயாது. அதுவும் நிற்கும்போது ஒரு மாதிரி, ஓடும்போது ஒரு மாதிரி சாயாது.

அதைத்தான் அடுத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, பார்க்கிங்கிலிருந்து வண்டியைத் திறந்தவெளிக்கு எடுத்து, இன்ஜின் சூடான பிறகு லைவ் டேட்டா. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் நிற்கும்போது, லாங் டெர்ம் +21.9. ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் அரை நிமிஷம் பிடித்தேன். +6.2. காலை எடுத்தால் மறுபடி 21.9. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் அதேதான்.

இதற்கு அர்த்தம் பிடிபட ஒரு பஸ் உதாரணம் உதவியது. கூட்டம் பிதுங்குகிற 29சி-யில் ஒருத்தர் டிக்கெட் எடுக்காவிட்டால் கண்டக்டர் கணக்கில் உறைக்காது. நாலு பேரோடு காலியாகப் போகிற ராத்திரி பஸ்ஸில் அதே ஒருத்தர் கால்வாசி வசூல். ஐடிலில் த்ராட்டில் (காற்று போகும் வழியைத் திறந்து மூடும் தகடு) கிட்டத்தட்ட மூடியிருக்கும், உள்ளே போகிற காற்றே கொஞ்சம், உறிஞ்சும் வேகமோ அதிகம். அப்போது ஏர்ஃப்ளோ சென்சாரைத் தாண்டி எங்கோ ஒரு ஓட்டை வழியாக டிக்கெட் எடுக்காத காற்று நுழைந்தால் கணக்கு பலமாக உதைக்கும். 2,500-இல் நல்ல வழியாகவே நிறையக் காற்று வருவதால் அதன் பங்கு கரைந்துவிடும். பெட்ரோல் பம்ப் சோர்ந்திருந்தாலோ ஃபில்டர் அடைத்திருந்தாலோ இதற்கு நேர்மாறாக, மிதிக்க மிதிக்கத்தான் லீன் அதிகமாகும். ஏர்ஃப்ளோ சென்சார் இல்லாமல், உள்ளே காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரோடு ஓடும் சின்னக் கார்களில் இந்தக் கணக்கு இப்படியே வராது. அங்கே ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் ஐடில் ஏறும்.

குற்றவாளிக் கூண்டில் நின்ற ஆக்சிஜன் சென்சாரையும் ஒரு பார்வை பார்த்தேன். கிராஃபில் 0.1 வோல்ட்டுக்கும் 0.8 வோல்ட்டுக்கும் நடுவே சுறுசுறுப்பாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. செத்தவன் இப்படி ஆட மாட்டான்.

ஓட்டையைத் தேடுவதற்கு நெட் முழுக்கக் காட்டும் வழி, கார்புரேட்டர் க்ளீனரை அங்கங்கே அடித்து ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்ப்பது. சூடான எக்ஸாஸ்ட் மேல் எரிகிற திரவத்தைத் தெளிக்க எனக்கு தைரியம் இல்லை. ஊதுபத்திப் புகை எங்கே உள்ளே இழுபடுகிறது என்று பார்க்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. பெட்ரோல் ஓடுகிற இடத்தில் தணலா? அதுவும் வேண்டாம். துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டிலை வீட்டுக்குத் தெரியாமல் எடுத்து வந்தேன். கூடவே இரண்டடி தண்ணீர் ட்யூப், ஒரு முனை காதில், மறுமுனை இன்ஜின் பக்கம். லுங்கியோடு இந்த வேலைக்குப் போக வேண்டாம்; ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றத் தொடங்கும், பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டில் வரை வரும் பெரிய குழாயில் ஒன்றுமில்லை. பிரேக் பூஸ்டர் குழாயில் ஒன்றுமில்லை. இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வால்வ் கவரிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் பாகம்) கொண்டுபோகும் பிசிவி குழாய் பக்கம் ட்யூபைக் கொண்டுபோனதும் காதில் "உஸ்ஸ்" என்று ஒரு சீறல். தாளிக்கிற சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து கேட்கிற மாதிரி, அவ்வளவு மெல்லியது. மேலே பார்த்தால் குழாய் கறுப்பாக, முழுசாக இருந்தது. தண்ணீரை அடியில் அடித்தேன். சீறல் ஒரு நொடி நின்று, இன்ஜின் சத்தம் மாறி, மறுபடி சீறியது.

கண்ணால் பார்க்க முடியாத இடம். விரலைக் கீழே விட்டுத் தடவினேன். முழங்கை மாதிரி வளைகிற இடத்தில், அடிப்பக்கம், ஒரு கிழிசல். விரல் நுனியை உள்ளே இழுத்தது. அப்படியே அழுத்தி மூடிக்கொண்டு, இன்னொரு கையில் இருந்த போனைப் பார்த்தேன். ஷார்ட் டெர்ம் +4.7-லிருந்து மளமளவென்று இறங்கி −17.2-இல் போய் நின்றது. ஒரு நிமிஷம் குழம்பினேன். மூடினால் பூஜ்யத்துக்குத்தானே வர வேண்டும்? பிறகு விளங்கியது. லாங் டெர்ம் பழக்கதோஷத்தில் இன்னும் +21.9 ஊற்றிக்கொண்டிருக்கிறது. ஓட்டை அடைபட்டதும் பெட்ரோல் மிஞ்சிவிட, ஷார்ட் டெர்ம் அவசரமாகக் குறைக்கிறது. இரண்டையும் கூட்டினால் +4.7. ஸ்டீயரிங் நடுக்கமும் நின்றுவிட்டதாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த மனைவி சொன்னாள். "ஏங்க, அந்த பாட்டில் என்னோடதுதானே?" என்றும் கேட்டாள்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு, உதிரி பாகக் கடைகள் இருக்கும் ஜிபி ரோட்டுக்கு டூவீலரில். போகும்போது பழைய குழாயைக் கழற்றிக் கையில் கொண்டுபோங்கள். வண்டி பெயர், வருஷம், மாடல் எல்லாம் சொன்னாலும் அங்கே கேட்கிற முதல் கேள்வி, "சாம்பிள் இருக்கா சார்?"

கொடுத்தேன். கடைக்காரர் புரட்டிப் பார்த்தார். "மேல பாத்தா நல்லாத்தான கீது?" என்றவர், வளைவை விரலால் லேசாக விரித்தார். முக்கால் அங்குல நீளத்துக்கு வாய் பிளந்தது. உள்பக்கம் எண்ணெயில் ஊறி ரப்பர் களிம்பு மாதிரி ஆகியிருந்தது.

"ஒரிஜினல் நானூத்தி இருவது, லோக்கல் நூத்திப் பத்து. எது குடுக்கட்டும்?"

லோக்கல் நேர்க்குழாய். வளைத்தால் மடிந்துகொள்ளும், உறிஞ்சும் இழுப்பில் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். ஒரிஜினல் முழங்கையாகவே வார்த்தது. அதையே வாங்கிக்கொண்டேன், கூட 15 ரூபாய்க்கு ஒன்றாக இரண்டு கிளாம்ப். தோட்டத்துக்குப் போடும் ட்யூபை வெட்டி மாட்டலாமா என்று யோசிப்பவர்களுக்கு: எண்ணெய் ஆவியும் சூடும் சேர்ந்து அதை ஒரு மாசத்தில் தின்றுவிடும்.

மாட்ட கால் மணி நேரம் ஆனது. அதில் பத்து நிமிஷம் உள்ளே விழுந்த கிளாம்பைத் தேடியது.

அன்று மாலை ஃப்ரீஸ் ஃப்ரேமையும் லைவ் டேட்டாவையும் படம் எடுத்துவிட்டு, கோட்-ஐ அழித்தேன். அழிக்காமல் விட்டிருந்தாலும் தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் குறை தெரியாவிட்டால் விளக்கு தானாகவே அணைந்திருக்கும். எனக்குத்தான் பொறுமை இல்லை. 300 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஐடிலில் லாங் டெர்ம் +2.3, 2,500-இல் +1.6. எத்தனாலின் பங்கு இவ்வளவுதான் போலிருக்கிறது, அங்கிளிடம் காட்டினேன். மெக்கானிக் ஸ்கேனருக்கு 500, டாங்கிள்கள் 950, குழாயும் கிளாம்பும் 450, மொத்தம் 1,900 ரூபாய்.

டாங்கிளைச் சாக்கெட்டிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போகாதீர்கள். 16-ஆம் பின்னில் பேட்டரி மின்சாரம் சாவி இல்லாமலே எப்போதும் வந்துகொண்டிருக்கும். தீபாவளிக்குப் பத்து நாள் திருநெல்வேலி போய் வந்தபோது, வண்டி "டிக்" என்றதோடு சரி. ஜம்ப் ஸ்டார்ட் செய்து கொடுத்தவர் அதே மெக்கானிக் அண்ணன். குழாய் கதையைச் சொன்னேன். "அடியில கிழிஞ்சிருந்தா எங்க சார் தெரியுது" என்றார். பணம் வாங்க மறுத்துவிட்டார்.

கார்த்திகையில் இரண்டு நாள் விடாத மழை. எங்கள் தெருவில் முட்டளவு தண்ணீர் வருவதற்குள் வண்டியை எல்லாரையும் போல வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தியிருந்தேன். போகும் வழியில் தேங்கிய தண்ணீரில் கொஞ்சம் நீந்த வேண்டியிருந்தது. வடிந்த பிறகு எடுத்துவந்து, பழக்கதோஷத்தில் டாங்கிளைச் செருகினேன். விளக்கு இல்லை, ஆனால் பெண்டிங்கில் ஒன்று. பி0135. ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட். மெக்கானிக் அண்ணன் மாற்றச் சொன்ன அதே சென்சார்.

க்ளியர் பட்டனைத் தொடவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்தாயிற்று. சனிக்கிழமை முதலில் ஃப்யூஸ், பிறகு கனெக்டரைக் கழற்றித் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பிறகு மல்டிமீட்டர்.